4 மணி 9 நிமிடம்: பாஸ்டன் மாரத்தானில் மருத்துவமனை அணிகள்

2013 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. பாஸ்டன் நகரின் பாயில்ஸ்டன் தெருவில், மாரத்தான் முடிவுக்கோட்டுக் கடிகாரம் 4:09:43 என்று காட்டிக்கொண்டிருந்தபோது நடைபாதையில் முதல் குண்டு வெடித்தது. கால் நிமிடம் ஆவதற்குள் அதே தெருவில் கொஞ்சம் தள்ளி இரண்டாவது குண்டு. மூன்று பேர் இறந்தார்கள். 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 17 பேர் கால் இழந்தார்கள்.

அன்றைய படங்களைப் பார்த்தவர்களுக்குப் புகையும் கொடிகளும் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கடிகாரம். அதில் ஓடிய நேரம் பந்தயம் தொடங்கிய 10 மணியிலிருந்து கணக்கிட்டது கிடையாது. ஓடுபவர்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்து அனுப்பினார்கள். கடைசித் தொகுதி 10:40-க்குக் கிளம்பியது. கடிகாரம் காட்டியது அந்தத் தொகுதியின் நேரம். முதலிடம் பிடித்தவர் இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே ஓடி முடித்துவிட்டார். பிற்பகல் 2:49-க்கு அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு மாதிரி மனிதர்கள். வார நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையிலும் இரவிலும் பயிற்சி எடுத்து, யாரோ ஒரு நோயாளியின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு, நன்கொடை திரட்டி ஓட வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அந்த ஊர் மருத்துவமனைகளின் நர்ஸ்களும் டாக்டர்களும் பரிசோதனைக்கூட ஊழியர்களும் இப்படி ஓடும் வழக்கம் அன்றைக்கே பல ஆண்டுப் பழக்கம்.

நானும் ஒரு மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறேன். இரவு டியூட்டி முடிந்த கையோடு ஷூ மாட்டிக்கொண்டு ஓடப் போகிற ஆள். நம் ஊரிலும் இப்போது மருத்துவமனைகள் அணி சேர்த்து நிதிக்காக ஓடத் தொடங்கியிருக்கின்றன. அப்படி ஓட நினைக்கிறவர்கள் எந்த நிகழ்வையாவது ஊன்றிப் படிக்க வேண்டும் என்றால், பாஸ்டனைத்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவமனை ஊழியர்கள் ஏன் ஓடுகிறார்கள், அந்த ஓட்டம் உடம்பை என்ன செய்கிறது, எதிர்பாராதது நடந்தால் என்ன ஆகிறது என்ற மூன்றும் ஒரே பாதையில், ஒரே ஊரில், பதிவோடு கிடைக்கின்றன.

நான்கு மணிக்காரர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்

பாஸ்டன் மாரத்தான் 1897-இல் 15 பேரோடு தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பேட்ரியட்ஸ் டே விடுமுறை நாளில் நடக்கும். ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் கிளம்பி, ஆஷ்லண்ட், ஃப்ரேமிங்ஹாம், நேட்டிக், வெல்லெஸ்லி, நியூட்டன், புரூக்லைன் வழியாக 42.195 கிலோமீட்டர் ஓடிப் பாஸ்டன் நடுவில் முடிகிறது. இந்தப் பந்தயத்தில் நினைத்தவர் எல்லாம் ஓட முடியாது. வேறொரு மாரத்தானைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். 2013 பந்தயத்துக்கு 35 வயதுக்கு உட்பட்ட ஆண் என்றால் 3 மணி 5 நிமிடம், பெண் என்றால் 3 மணி 35 நிமிடம். ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது சாதாரண வேகம் இல்லை.

1989-இல் பக்கத்துக் கதவு ஒன்று திறந்தது. அமெரிக்கக் கல்லீரல் அறக்கட்டளைக்காக நிதி திரட்டித் தருகிறவர்களுக்குத் தகுதி நேரம் இல்லாமலே ஓட இடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1990-இல், டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தின் அணி வந்தது. 1998-இல் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு தன் அணியைத் தொடங்கியது. பந்தயத்தின் பெரிய புரவலராக இருந்த ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குக்குக் கிடைத்த எண் அட்டைகளை, அதாவது பந்தயத்தில் ஓடுவதற்கான இடங்களை, அதற்குக் கொடுத்தது. அந்த மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இரத்த, புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்த ஹோவர்ட் வெய்ன்ஸ்டீன் ஊழியர்களை ஓடச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றவர் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அவரே ஓடினார். துறைத்தலைவர் பனியிலும் பயிற்சிக்கு வந்து நிற்கிறார் என்றால், வார்டு நர்ஸ் எப்படி வராமல் இருப்பார்?

கணக்கு எளிது. எண் அட்டை வேண்டுமா, இவ்வளவு தொகை திரட்டித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தொகை ஆயிரக்கணக்கான டாலர். பல அணிகளில் 10,000 டாலரும் அதற்கு மேலும். இது சொந்தப் பணம் போடுவதற்கான ஏற்பாடு கிடையாது. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய வகுப்புத் தோழர், தான் கவனித்துக்கொண்ட நோயாளியின் மாமா என்று நூறு பேரிடம் கை நீட்ட வேண்டும். ஓடுவதைவிட இதுதான் பலருக்குக் கஷ்டம். நாம் வார்டில் எவ்வளவு தைரியமாகப் பேசினாலும், பணம் கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பணம் போகிற இடத்தையும் பார்க்க வேண்டும். டானா-ஃபார்பர் அணி திரட்டுவது முழுவதும் கிளாடியா ஆடம்ஸ் பார் என்பவரின் பெயரில் நடக்கும் அடிப்படைப் புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டத்துக்குப் போகிறது. ஓர் ஆராய்ச்சியாளருக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றுகிறது. அதை நிரூபிக்க முதல் கட்டச் சோதனை வேண்டும். அந்தச் சோதனை முடிவு கையில் இல்லாமல் அரசாங்க நிதி கிடைக்காது. முட்டையா கோழியா என்ற இந்தச் சிக்கலை உடைக்கிற விதைப் பணம் அது. 1990-இலிருந்து அந்த அணி திரட்டியது 10 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. "புற்றுநோய்க்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன பணம் இன்ன இடத்துக்கு என்று ஒரே வரியில் சொல்ல முடிந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். நன்கொடை கேட்கிறவர் இந்த ஒரு வரியைத் தயார் செய்யாமல் தெருவில் இறங்கக் கூடாது.

ஒரு குழந்தை, ஒரு ஓட்டக்காரர்

இந்த அணிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஜோடி சேர்ப்பது. ஓடுகிற ஒருவருக்கு, சிகிச்சையில் இருக்கும் அல்லது சிகிச்சை முடித்த ஒரு குழந்தையைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு குடும்பங்களும் சந்திக்கும், கடிதம் எழுதிக்கொள்ளும். பந்தய நாளில் குழந்தையும் பெற்றோரும் பாதையோரத்தில் வந்து நிற்பார்கள். டானா-ஃபார்பர் குடும்பங்கள் கூடுகிற இடம் 25-ஆம் மைல், அதாவது 40 கிலோமீட்டர் முடிந்த இடம்.

அந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ, ஓட்டம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். பாஸ்டன் பாதை முதல் பாதியில் ஏமாற்றும். மொத்தத்தில் சுமார் 140 மீட்டர் இறங்கும் பாதை அது. இறக்கத்தில் கால் தானாக ஓடும், ஆனால் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை பிரேக் பிடித்துக்கொண்டே வரும். பாதி தூரத்தில் வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் போடும் சத்தத்தில் எல்லோரும் இன்னும் வேகமாக ஓடிவிடுவார்கள். அப்புறம் நியூட்டன் மேடுகள் வரும். கடைசி மேட்டுக்கு ஹார்ட்பிரேக் ஹில் என்று பெயர். 33-ஆவது கிலோமீட்டர் வாக்கில் வருகிறது. தசையில் சேமித்த சர்க்கரை தீர்கிற இடமும் ஏறக்குறைய அதுதான். அதைத் தாண்டி ஒருவர் 40-ஆவது கிலோமீட்டருக்கு வரும்போது காலில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அங்கே, மருந்தால் கொட்டிய தலைமுடி இப்போதுதான் பூனைமுடியாக முளைத்து வருகிற ஒரு பிள்ளை, தன் பெயர் எழுதிய சட்டையைத் தேடிக்கொண்டு நிற்கிறது என்றால், அந்த ஆள் நடப்பாரா?

மருத்துவமனை ஊழியருக்கு இதில் இன்னொன்றும் கிடைக்கிறது. வார்டில் நாம் குழந்தைகளுக்கு ஊசியோடு வருகிறவர்கள். கதவைத் திறந்ததுமே அழுகிற பிள்ளைகள் உண்டு. பாதையோரத்தில் நிற்கும் அதே பிள்ளைக்கு, வியர்த்து, தள்ளாடி, முகம் சுருங்கி வருகிற நம்மைப் பார்த்ததும், இவருக்கும் வலிக்கிறது என்று தெரியும். கை நீட்டித் தட்டுவது அந்தப் பிள்ளையாக இருக்கும். இந்த இடமாற்றத்துக்காகவே இப்படி ஓர் அணி தொடங்கலாம் என்று சொல்வேன்.

பயிற்சிக் காலம் பாஸ்டனில் கொடுமையானது. ஏப்ரலில் பந்தயம் என்றால் டிசம்பரில் தொடங்க வேண்டும். பனியும் இருட்டும்தான் கூட வரும். அதோடு 12 மணி நேர ஷிஃப்ட். இரவு டியூட்டி முடிந்த காலையில் நீண்ட ஓட்டம் போனால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். இதயம் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும், சின்ன மேடு பெரிய மலையாகத் தெரியும், திருப்பத்தில் பாதம் இடறும். டியூட்டிப் பட்டியல் போடுகிறவர் அணிக்குள் இருந்தாக வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு டியூட்டி விழாமல் பார்த்துக்கொள்கிற அந்த ஒருவர், ஒரு பயிற்சியாளருக்குச் சமம்.

பயிற்சியாளர் என்றதும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். டானா-ஃபார்பர் அணிக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியவர் ஜாக் ஃபுல்ட்ஸ். 1976 பாஸ்டன் மாரத்தானை வென்றவர். அன்றைக்கு 37 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெயில். பாதையோர வீட்டுக்காரர்கள் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து ஓடுபவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்த வெயிலில் தன் வேகத்தை அடக்கத் தெரிந்ததால் வென்ற மனிதர், முதல் முறை ஓடுகிற நர்ஸுக்கும் கணக்காளருக்கும் நிதானம் சொல்லிக் கொடுத்தார்.

மெதுவாக ஓடுகிறவருக்கு வரும் ஆபத்து

2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். இரத்தப் புற்றுநோயாளிகளுக்காக நிதி திரட்டி ஓடியவர். வழியில் மயங்கி விழுந்தவரின் இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது, மூளை வீங்கியிருந்தது. தண்ணீர் போதாமல் நடந்தது இல்லை. உடம்பால் வெளியேற்ற முடிந்ததைவிட அதிகமாகத் திரவம் உள்ளே போனதால் நடந்தது.

அதே 2002 பந்தயத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர்கள் உள்ளிட்ட குழு ஓர் ஆய்வு நடத்தியது. முடிவுக்கோட்டைத் தாண்டிய 488 பேரிடம் இரத்தம் எடுத்துச் சோடியம் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்கு இயல்பைவிடக் குறைவு. 0.6 சதவீதம் பேருக்கு, அதாவது மூன்று பேருக்கு, லிட்டருக்கு 120 மில்லிமோலும் அதற்குக் கீழும். நம் வார்டில் இந்த எண்ணோடு ஒரு நோயாளி வந்தால் எல்லோரும் ஓடுவோம். இவர்கள் 42 கிலோமீட்டர் ஓடிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன காரணங்களைப் பாருங்கள். ஓடி முடித்தபோது எடை கூடியிருப்பது. 4 மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. உடல் எடை உயரத்துக்கு மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருப்பது. குடித்தது வெறும் தண்ணீரா உப்புச் சேர்த்த விளையாட்டுப் பானமா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை, அளவுதான் விஷயம்.

4 மணி நேரம் என்ற அந்த எண்ணை மறுபடி பார்க்க வேண்டும். வேகமாக ஓடுகிறவர் தண்ணீர்ப் பந்தலில் நிற்க மாட்டார். ஒரு மடக்கு குடித்து இரண்டு மடக்குச் சிந்துவார். மெதுவாக ஓடுகிறவருக்கு நேரம் இருக்கிறது, தாகம் எடுப்பதற்கு முன்பே குடி என்று யாரோ சொன்ன பழைய உபதேசமும் இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு பந்தல் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். நீண்ட நேரம் ஓடும்போது சிறுநீரை அடக்கிவைக்கும் ஹார்மோனும் கூடிவிடுகிறது. குடித்தது உள்ளேயே தங்கும். நிதிக்காக ஓடுகிறவர், முதல் முறை ஓடுகிறவர், நான்கு மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறவர் என்று நாம் பெருமையோடு அணியில் சேர்க்கிற அதே ஆட்கள்தான் இந்த ஆபத்துக்கு நேர் எதிரே நிற்கிறார்கள்.

எனக்கே இது நடக்கப் பார்த்தது. 30 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம் ஒன்றில், வெயிலுக்குப் பயந்து கண்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து குளிக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. விரல் வாழைப்பூ மடல் போல உப்பி, மோதிரம் பதிந்த இடம் வெளுத்திருந்தது. தலைவலி, குமட்டல். தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு குடிக்கப் போன கையைத் தடுத்தது அந்த மோதிரம்தான். கிளம்பும்போது 62.4 இருந்த எடை, திரும்பும்போது 63.1. ஓடிவிட்டு வந்தவன் எடை கூடி நிற்கக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் அணியில் நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வார்டு எடை இயந்திரத்தில் ஏறி இறங்குவது வழக்கமாகிவிட்டது. தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் விடு. அவ்வளவுதான்.

வெயில் வேறு விஷயம், அதையும் பாஸ்டன் பார்த்திருக்கிறது. 2012-இல் ஏப்ரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் 30 டிகிரியைத் தாண்டியது. இந்த ஆண்டு ஓட வேண்டாம், அடுத்த ஆண்டு வாருங்கள் என்று அமைப்பாளர்களே சொல்லிப் பார்த்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களைப் பார்த்துப் பழகிய கூடாரங்கள் அங்கே இருந்தன. வெப்பத்தால் புத்தி தடுமாறி வருகிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் பயணம். கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்று மயங்குகிறவருக்குப் பெரும்பாலும் காலை உயர்த்திப் படுக்க வைத்தாலே போதும், காலில் தேங்கிய இரத்தம் திரும்பி வரும். குழப்பத்தோடு, வாந்தியோடு, வீங்கிய கையோடு வருகிறவருக்கு மட்டும் பார்த்த உடனே சலைன் பாட்டிலை மாட்டிவிடக் கூடாது. சோடியம் பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் அடர் உப்புக் கரைசல் 100 மில்லி கொடுக்க வேண்டும். மூன்று பேரும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

2:49-க்கு அப்புறம்

அந்தக் கூடாரங்களில் ஒன்று முடிவுக்கோட்டுக்குச் சற்று அப்பால் இருந்தது. தசைப்பிடிப்புக்கும் கொப்புளத்துக்கும் குளிர் நடுக்கத்துக்கும் தயாராக இருந்த டாக்டர்களும் நர்ஸ்களும் சில நிமிடங்களில் கால் துண்டானவர்களைக் கையில் வாங்கினார்கள். ஓடி முடித்துத் தள்ளாடுகிறவர்களுக்காக வைத்திருந்த சக்கர நாற்காலிகள், காயம்பட்டவர்களைக் கூடாரத்துக்கு இழுத்து வரப் பயன்பட்டன.

உயிரோடு மருத்துவமனை போய்ச் சேர்ந்த ஒருவர்கூட இறக்கவில்லை. இதற்கு அதிர்ஷ்டமும் உண்டு, ஏற்பாடும் உண்டு. பேட்ரியட்ஸ் டே விடுமுறை என்பதால் முன்கூட்டித் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் குறைவு. பிற்பகல் 3 மணி ஷிஃப்ட் மாறும் நேரம். போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், அது எப்படிப்பட்ட வரம் என்று புரிந்துவிடும். காயம்பட்டவர்களைப் பிரித்து அனுப்ப நகருக்குள்ளேயே பல பெரிய மருத்துவமனைகள் இருந்தன. ஒரே வாசலில் எல்லோரும் குவியவில்லை. அதோடு, இத்தகைய நாளுக்கான ஒத்திகைகளை அந்த நகரம் செய்து பழகியிருந்தது.

டேவிட் கிங் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் நாளைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் விபத்துக் காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்பவர். ராணுவ மருத்துவராக ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர். அன்று அவரும் ஓடினார். சுமார் 3 மணி 12 நிமிடத்தில் முடித்துவிட்டுக் குடும்பத்தோடு வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் கைப்பேசியில் அடுக்கடுக்காகச் செய்திகள்: நலமா, நலமா என்று. நேராக மருத்துவமனைக்குப் போனார். முதலில் வந்த காயங்களைப் பார்த்ததும் இது வெடிகுண்டு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போர்க்களத்தில் பார்த்த அதே கால்கள். மாரத்தான் ஓடிய உடம்போடு இரவெல்லாம் அறுவை சிகிச்சை செய்தார். மாரத்தான் ஓடிய அன்று மாலை நான் மாடிப்படி இறங்கியது பின்பக்கமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கால்களோடு ஒருவர் அறுவை மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்.

ஓடி முடித்தவர்கள் அப்படியே இரத்தம் கொடுக்க மாசசூசெட்ஸ் ஜெனரல் வரைக்கும் ஓடினார்கள் என்று ஒரு செய்தி அன்று உலகமெங்கும் பரவியது. நெகிழ வைக்கிற செய்திதான். ஆனால் தேவையான இரத்தம் கையிருப்பில் இருக்கிறது என்று செஞ்சிலுவைச் சங்கம் அன்றே அறிவித்துவிட்டது. உண்மையில், 42 கிலோமீட்டர் ஓடி வந்தவரின் கையில் இரத்தம் எடுக்க நம்மில் யாரும் சம்மதிக்க மாட்டோம். முந்தைய வாரமும் அதற்கு முந்தைய வாரமும் அமைதியாக வந்து கொடுத்துவிட்டுப் போன, யாரும் படம் எடுக்காத மனிதர்களின் இரத்தம்தான் அன்று ஏறியது.

இரண்டு ஆண்டு கழித்து டேவிட் கிங் முதல் ஆசிரியராக ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. சம்பவ இடத்தில் இரத்தப்போக்கை நிறுத்த 27 பேரின் கை கால்களில் இறுக்குப்பட்டை கட்டப்பட்டிருந்தது. இருபத்தேழும் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியவை: இடுப்பு பெல்ட், துணி, ரப்பர் குழாய். முறையான இறுக்குப்பட்டை ஒன்றுகூட இல்லை. போரில் பத்தாண்டுகளாக உயிர் காத்த ஒரு சின்னக் கருவி, நகரத்துத் தெருவுக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் கட்டுரையின் வருத்தம். ஊரே பாராட்டிக்கொண்டிருந்தபோது, நாம் செய்ததில் இது குறை என்று எழுதியது எனக்கு அந்த அறுவை சிகிச்சைகளுக்குச் சமமான காரியமாகத் தெரிகிறது. 2015 அக்டோபரில் பொதுமக்களுக்கு இரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் 'ஸ்டாப் தி பிளீட்' இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. எங்கள் அணியின் பயிற்சி ஓட்டத்தில் கூடவே வரும் ஸ்கூட்டரின் பெட்டியில் குளுக்கோஸ், பஞ்சு, பேண்டேஜோடு முறையான இறுக்குப்பட்டை ஒன்றும் இருக்கிறது. லாரிகள் ஓடும் சாலையோரம் ஓடுகிறவர்களுக்குக் குண்டு தேவையில்லை, ஒரு லாரி போதும்.

மறுநாளே ஆளுநரும் மேயரும் சேர்ந்து 'ஒன் ஃபண்ட் பாஸ்டன்' என்ற நிதியை அறிவித்தார்கள். ஜூன் மாத முடிவுக்குள் சுமார் 6 கோடி டாலர் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர்கள் கைக்கும் போய்விட்டது. வசூலித்தது மட்டும் அல்ல, எழுபத்தைந்து நாளில் கொடுத்து முடித்தது. குண்டு வெடித்த ஆறாம் நாள் லண்டன் மாரத்தான் நடந்தது. ஓடி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 2 பவுண்ட் என்று பாஸ்டனுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நிதிக்காக ஓடியவர்கள் திரட்டியது சுமார் 3.8 கோடி டாலர். அதுவரை அந்தப் பந்தயம் பார்த்திராத தொகை.

கடைசியாக, அன்றைக்கு நிறுத்தப்பட்டவர்கள். குண்டு வெடித்ததும் போலீசார் பாதையை மூடினார்கள். பாதித் தூரத்தைத் தாண்டியிருந்த 5,600-க்கும் மேற்பட்டோர் ஓடி முடிக்காமல் ஆங்காங்கே நின்றார்கள். நிதிக்காக ஓடியவர்களில் கணிசமானவர்கள் அந்தக் கூட்டத்தில்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் காமன்வெல்த் அவென்யூவில் நிறுத்தப்பட்டார்கள்; மிச்சம் இருந்தது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. குடும்பம் முடிவுக்கோட்டில் காத்திருக்கிறது, கைப்பேசி வேலை செய்யவில்லை, வியர்வை காய்ந்து உடம்பு நடுங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்வையும் குப்பைப் பையும் தண்ணீரும் கொண்டுவந்து போர்த்திவிட்டார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் 2014-இல் மறுபடி ஓட இடம் தருவதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். பாஸ்டன் ஓட்டக்காரர்கள் கடைசி நீட்சியை ஒரே வாக்கியத்தில் சொல்வார்கள்: ஹியர்ஃபோர்டில் வலது, பாயில்ஸ்டனில் இடது. 2014 ஏப்ரல் 21 பிற்பகலில், சட்டையில் குழந்தைகளின் பெயரோடு வந்தவர்கள், முந்தைய ஆண்டு தங்களை நிறுத்திய இடத்தைத் தாண்டி, ஹியர்ஃபோர்டில் வலது பக்கம் திரும்பினார்கள்.